குடிபோக ஓர் ஊர்

பதுளை மாவட்டத் தோட்டங்களில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் இருந்தால் லயத்துக் காம்பரா கையில் இருக்கும். அந்தப் பெயரும் போய்விட்டால் தோட்டத்துரையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த முடிச்சு இப்போது தளர்ந்து வருகிறது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்த பிறகும் இளவட்டங்களுக்குக் காலைப் பிரட்டுக்கு, தோட்ட வேலைக்குப் போக மனமில்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். தாய் மத்திய கிழக்கிலிருந்து பணம் அனுப்புகிறாள். நாலு காசு சேர்ந்ததும் வீட்டில் பேச்சு எழுகிறது: லயத்தை விட்டு எங்கே போவது? அப்புத்தளையா, பண்டாரவளையா, ஹாலிஎலையா, பசறையா, வெலிமடையா?

சொந்தக்காரர் இருக்கும் ஊர், விலை மலிந்த காணி, தரகர் காட்டிய இடம் என்றுதான் பெரும்பாலும் முடிவு அமைகிறது. இவற்றில் தவறில்லை. ஆனால் இவற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பிறகு மாற்ற முடியாததை முதலில் பார்க்க வேண்டும். மாற்றக்கூடியதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு இன்னோர் அறை சேர்க்கலாம், தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போடலாம். மலைச்சரிவை நகர்த்த முடியாது. உறுதி இல்லாத காணிக்கு உறுதி முளைக்காது. பிள்ளைக்குத் தவறிப்போன பாடசாலைக் காலம் திரும்பி வராது.

இதை மலையக மக்கள் பட்டறிந்திருக்கிறார்கள். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் பலர் நீலகிரியைத் தேடிப் போனார்கள். அதே குளிர், அதே தேயிலை, கைக்குப் பழகிய வேலை. தாயகம் திரும்புவோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள், பிற்காலத்தில் டான்டீ என்று பெயர் பெற்றவை, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அவர்களுக்கு வேலை கொடுத்தன. ஆனால் அங்கும் குடியிருப்பு முதலாளியான டான்டீ கழகத்துடையது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். கடல் கடந்தும் பழைய முடிச்சு அவிழவில்லை.

1977 இனக்கலவரத்துக்குப் பிறகு வேறொரு கூட்டம் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனது. காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியமர்த்த உதவின. காட்டை வெட்டிப் பயிர் செய்த அந்தக் குடும்பங்களைப் போர் மறுபடி மறுபடி பெயர்த்தது. பலர் பல ஆண்டு உழுத நிலத்துக்கும் உறுதி இல்லாமலே இருந்தார்கள். முதல் பயணத்தை ஒப்பந்தம் தீர்மானித்தது, இரண்டாவதை அச்சம் தீர்மானித்தது. இன்று ஒரு குடும்பம் தானே உட்கார்ந்து பேசி ஊரைத் தெரிவு செய்ய முடிகிறது. கிடைத்த வாய்ப்பு பெரிது என்பதால் அவசரமும் கூடாது.

முதலில் மண். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மாற்று வீடு கைக்கு வராத மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தது 2016இல். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளையை மிகவும் பாதித்த மாவட்டங்களில் ஒன்றாக்கியது. இத்தனைக்கும் பிறகு மலையடிவாரத்துக் காணியை 'விலை மலிவு' என்று வாங்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

ஆபத்து பெரும்பாலும் அடையாளம் காட்டும். நிலத்திலோ சுவரிலோ புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் மின்கம்பமும், திடீரென்று பிறக்கும் ஊற்று, தெளிந்த ஊற்று கலங்கி ஓடுவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு மேலே சரிவை வெட்டி மண் எடுத்திருக்கிறார்களா, மழைநீர் போகும் பழைய ஓடையை யாராவது அடைத்திருக்கிறார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். பதுளை போன்ற மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கு முன் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை பெற வேண்டும் என்ற நடைமுறை 2011 முதல் இருக்கிறது. அதைக் கட்டும்போது பெறுவதைவிட, வாங்கும் முன்பே அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிப்பது புத்திசாலித்தனம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது அவர்கள் பின்பற்றும் அளவு. அவ்வளவு மழை பெய்யும் இரவில் அந்த வீட்டில் பிள்ளைகளோடு படுக்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு அடுத்தது தண்ணீர். பதுளை அடங்கிய ஊவாவின் பருவம் நாட்டின் மேற்குப் பக்கத்துக்கு நேர்மாறானது. மேற்கில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் இங்கே கச்சான் காற்று காய்ந்து வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த மணம் அந்த வறட்சியில்தான் ஊறுகிறது; கிணறு அடி தட்டுவதும் அதே வறட்சியில்தான். ஒக்டோபர் முதல் மழை மலையை நனைக்கத் தொடங்கும். ஆகவே ஒரு காணியை இரண்டு முறை பார்க்க வேண்டும்: ஓகஸ்டில் தண்ணீருக்காக, நவம்பரில் மண்ணுக்காக. பண்டாரவளைப் பக்கத்து மக்களுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014 டிசெம்பரில் நீர் கசியத் தொடங்கியபின் சுற்றுக் கிராமங்களில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் காணி பார்ப்பவர்கள் கிணற்றின் இன்றைய நிலையையும் 2014க்கு முந்திய நிலையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மூன்றாவது, உறுதி. தோட்டக் காணிகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் குத்தகையாகப் போனது. ஆகவே தோட்ட எல்லைக்குள் ஒருவர் "என் பங்கைத் தருகிறேன்" என்று காசு வாங்கினால், அவர் விற்பது தன்னுடையதல்லாததை. தோட்டத்துக்கு வெளியிலும் எல்லாக் காணியும் ஒன்றல்ல. முழு உரிமையுள்ள சின்னக்கரை உறுதிக் காணியை உரிமையாளர் நொத்தாரிசு முன்னிலையில் விற்கலாம். காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக் காசு கொடுத்தால் காசும் போகும், காணியும் நிலைக்காது. எந்த உறுதியானாலும் காணிப் பதிவகத்தில் 30 ஆண்டு ஏடுகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான கட்டணம் காணி விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வீட்டுத் திட்டங்களில் கிடைக்கும் 7 பேர்ச் காணிக்கும் இதே கேள்வி பொருந்தும். ஓர் ஏக்கர் 160 பேர்ச். அதில் 7 என்பது வீடும் சிறு தோட்டமும் வைக்கப் போதும், பிள்ளைகளுக்குப் பிரிக்கப் போதாது. அப்படி வீடு கிடைத்தவர்கள் காகிதம் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும். மனைவியின் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

நான்காவது, பாடசாலை. ஊர் மாறும் குடும்பங்களில் பல இதற்காகவே மாறுகின்றன. ஆனால் ஊருக்கு வந்தவுடன் நல்ல பாடசாலையில் இடம் கிடைத்துவிடாது. முதலாம் தரத்துக்கு அரசாங்கப் பாடசாலைகளில் பிள்ளை சேர்க்கும்போது, போட்டி இருக்கும் இடங்களில், கடந்த 5 ஆண்டு வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா, வீட்டுக்கு உறுதி இருக்கிறதா, பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையே வேறு பாடசாலைகள் எத்தனை என்று புள்ளி போட்டுத்தான் எடுக்கிறார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வருடம் குடிவந்தால் காலம் கடந்துவிடும். கைக்குழந்தையாக இருக்கும்போதே வர வேண்டும். வந்தவுடன் கிராம உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்துவிட வேண்டும். அடுத்து உயர்தரத்தைப் பாருங்கள். தமிழ்மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் எல்லாப் பாடசாலையிலும் இல்லை. பதுளை சரஸ்வதி போன்ற பெரிய பாடசாலைக்குக் காலை பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் வீடு இருந்தால் விடுதிச் செலவு மிச்சம். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 முதல் பதுளையிலேயே இருக்கிறது.

பிழைப்பும் ஆஸ்பத்திரியும் பெருமளவு பாதையைப் பொறுத்தவை. பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குப் போகும் பாதையிலும், வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை வழியாகப் போகும் பாதையிலும் பஸ் எளிதாகக் கிடைக்கும். அவற்றிலிருந்து உள்ளே போகப் போகக் காணி விலை இறங்கும்; நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு ஏறும். எல்ல போன்ற சுற்றுலா ஊரில் வேலை உண்டு, காணி விலை எட்டாது. வெலிமடையில் மரக்கறிச் செய்கை தெரிந்தவருக்குப் பிழைப்பு உண்டு.

ஊருக்குப் போவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. அந்தத் தடை நீங்கிவிட்டாலும், ஊருக்குள் வரி கட்டும் குடும்பம் பாதைக்கும் விளக்குக்கும் சபையிடம் உரிமையோடு கேட்கலாம்.

கையிருப்பு போதாவிட்டால் வட்டிக்காரரிடம் போகுமுன் ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்) கணக்கைப் பாருங்கள். 10 ஆண்டு பங்களிப்பும் குறைந்தது 3,00,000 ரூபாய் மீதியும் உள்ளவர் வீட்டுத் தேவைக்காக 30 சதவீதம்வரை முன்கூட்டியே எடுக்கலாம். புதிய வீட்டுக்குக் கதவு போட்டு, உறுதியும் கைக்கு வரும்வரை செக்ரோலில் உள்ள கடைசிப் பெயரை வெட்டாதீர்கள். ஓகஸ்டும் நவம்பரும் கழிவதற்குள், காணிப் பதிவகத்தில் ஏடு பார்ப்பதற்குள், முற்பணம் கட்டு என்று அவசரப்படுத்துகிறவரிடம் காணி வாங்காதீர்கள்.