பத்து விரல்களின் சாட்சி

ஒரு மனிதனை அடையாளம் கண்டுகொள்வதும் அவனை அறிந்துகொள்வதும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்கு விரல் நுனியே ஓரளவு விடை சொல்லும்.

தாயின் வயிற்றில் மூன்றாம் மாதத்திலேயே விரல் ரேகைகள் உருவாகத் தொடங்குகின்றன. ஆறாம் மாதத்துக்குள் அந்தக் கோலம் முற்றுப் பெற்றுவிடுகிறது. அதன்பின் வறுமையோ வளமோ, கல்வியோ முதுமையோ அந்த அமைப்பை மாற்றுவதில்லை.

பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் 1892-ல் விரல் ரேகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இனங்களில் உயர்வு தாழ்வு உண்டு என்று உறுதியாக நம்பியவர் அவர். ஆங்கிலேயர், வெல்ஷ் மக்கள், யூதர், ஆப்பிரிக்கர் என்று பலருடைய பதிவுகளை ஒப்பிட்டார். ஓர் இனத்துக்கென்றே உரிய கோலம் எதுவும் அவருக்கு அகப்படவில்லை. அதை அவரே ஒப்புக்கொண்டு எழுதினார்.

பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் பல குலத்தாரிடமும் உள்ளங்கை, விரல் ரேகைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். எங்கும் வில், வளையம், சுழி என்ற அதே மூன்று வகைகள்தாம். விகிதம்தான் மாறுகிறது. கலஹாரிப் பகுதியின் சான் மக்களிடம் வில் சற்று மிகுதி, அவ்வளவே. தனியான ஒரு பதிவைப் பார்த்து, ‘இது இன்ன நிறத்தான் விரல்’ என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால், ‘இது இந்த ஒருவனுடையது’ என்று சொல்லலாம். இயற்கை ஒவ்வொருவனையும் தனியாகவே படைத்திருக்கிறது.

அரசுகள் செய்தது என்ன? 1906-ல் டிரான்ஸ்வால் அரசு, ஆசியர் எல்லோரும் விரல் பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. காந்தியடிகள் எதிர்த்தார். 1908-ல் சமரசம் ஏற்பட்டபோது, அவரே மனமுவந்து விரல் பதித்தார். அதற்காக அடியும் பட்டார். அரசு சொன்னபடி சட்டத்தை நீக்கவில்லை என்று கண்டதும், அதே ஆண்டு ஆகஸ்டில் மக்கள் பதிவுச் சீட்டுகளைத் தீயிலிட்டார்கள். மை ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். கட்டாயத்தில் இழிவாக இருந்தது, விருப்பத்தில் இழிவாக இல்லை.

தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களுக்கோ அந்த விருப்பத்தின் வாய்ப்பே தரப்படவில்லை. 1952-ன் சட்டம் பதினாறு வயது நிறைந்தவர் எல்லோரையும் விரற்பதிவோடு கூடிய புத்தகத்தைச் சுமக்க வைத்தது. அந்தப் பாஸ் முறையை எதிர்த்து 1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில்லில் கூடிய மக்களைப் போலீசார் சுட்டார்கள். அறுபத்தொன்பது பேர் மாண்டார்கள். 1986-ல்தான் பாஸ் சட்டங்கள் ஒழிந்தன.

அடையாளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரியவனுக்கு உரிய உதவித்தொகை போய்ச் சேர விரற்பதிவு உதவுமானால் நல்லதே. ஆனால் கேட்கிறவன் எதற்காகக் கேட்கிறான், மறுக்கிறவனுக்கு என்ன நேரும் என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும். ஒருவனைத் தனி மனிதன் என்று மெய்ப்பிக்கும் விரலைக் கொண்டே அவனை மந்தையில் சேர்த்து எண்ணினார்கள். அவர்களுடைய பேரேடுகளில் லட்சக்கணக்கான விரல்கள் இருந்தன. ஒரு விரலுக்குரியவனையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை.