நந்திக்கிராமத்து அரசு

தலைமைக்கு இலக்கணம் யாது என்று வினவினால், படைபலத்தையும் வாக்கு சாதுரியத்தையும் முன்வைப்போரே இன்று மிகுதி. வான்மீகி பகவானோ, கேளாமலே கைக்கு வந்த இராஜ்யத்தைத் தமையன் இராமனிடம் திருப்பிக் கொடுக்கக் காட்டுக்குப் புறப்பட்ட பரதாழ்வானை நம்முன் நிறுத்துகிறார். அத்தகைய உத்தமனையும் எடுத்த எடுப்பில் எவரும் நம்பவில்லை: கோசலை சுடுசொல் சொன்னாள், கங்கைக் கரையில் குகன் படகுகளில் வீரரை நிறுத்தினான், தவத்திற் சிறந்த பரத்துவாசரே ஐயுற்று வினவினார், இலக்குவனோ சித்திரகூடத்தில் போருக்கே எழுந்துவிட்டான்.

பழி சுமத்தப்பட்ட நிரபராதிக்குக் கோபம் வருவது மனித சுபாவம். பரதனுக்கு வந்ததோ கண்ணீர். இராமன் வனம் புகத் தான் உடந்தையாயிருந்தால், குடிகளிடம் ஆறில் ஒரு பங்கு இறை பெற்றும் அவர்களைக் காவாத அரசனுடைய பாவமும், பெரும்பணி வாங்கிக்கொண்டு கூலி கொடாத எஜமானனுடைய பாவமும் தன்னைச் சேர்வதாக என்று கோசலையின் முன் அவன் ஆணையிட்டான். நெஞ்சு வெடிக்கும் வேளையிலும் ராஜதர்மமே ஒருவன் நாவில் வருகிறதென்றால், அது கற்றுக்கொண்ட பேச்சாயிராது. பரத்துவாசர் ஆசிரமத்துக்கும் அவன் சேனையைத் தொலைவிலே நிறுத்திவிட்டுத்தான் சென்றான்; மரங்களும் நீர்நிலைகளும் பர்ணசாலைகளும் சேதமுறக் கூடாதென்பதே காரணம்.

இராமன் நாடு திரும்ப இசையாமையால், பின்னர் அயோத்திக்கு ஒரு குரோச தூரத்திலுள்ள நந்திக்கிராமத்தில், மரவுரியும் சடையும் தரித்து, தமையனுடைய பாதுகைகளுக்குப் பட்டம் கட்டி 14 ஆண்டுகள் அரசு நடத்தினான். அமைச்சரும் புரோகிதரும் சேனைத் தலைவருங்கூடக் காஷாயம் உடுத்தியிருந்தனர் என்கிறார் கவி. அப்படி உடுத்தச் சொல்லி ஓர் ஆணையும் பிறந்ததில்லை. இளவரசன் துறந்த போகத்தை அனுபவிக்க அவர்களுக்கு மனம் கூசிற்று, அவ்வளவே. கட்டளையிட்டும் சிக்கனம் வராத ராஜாங்கங்களை நாம் கண்டிருக்கிறோமல்லவா?

இலங்கையிலிருந்து மீளும்போது இராமபிரானும் அநுமனை முன்னே அனுப்பி, பரதனுடைய முகவர்ணத்தையும் பார்வையையும் பேச்சையும் கவனித்து வரச் சொன்னார். முன்னோர் இராஜ்யம் யார் மனத்தைத்தான் கலைக்காது? அநுமன் கண்டதோ கிருசமான தேகத்தோடு பாதுகைகளின் முன் அமர்ந்திருந்த ஒருவனை. துறவி போல் வாழ்கிறவனுக்கு நிர்வாகம் வராதென்று எண்ணுவோர் இதையும் கேட்க வேண்டும்: பொக்கிஷத்தையும் களஞ்சியத்தையும் நகரத்தையும் சேனையையும் பார்வையிடுமாறு தமையனை வேண்டிய பரதன், உமது தேஜஸினால் யாவற்றையும் பத்து மடங்காக்கி வைத்திருக்கிறேன் என்று கணக்கை ஒப்புவித்தான்.