ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டி



தூய்மை என்றவுடன் நம் தோட்டக் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது பெண்பிள்ளைகள்தான். மகள் வயதுக்கு வந்துவிட்டால் அவள் போகும் வழியையும் வரும் வழியையும் பெற்றோர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மகன் எங்கே போகிறான், எதைப் பார்க்கிறான் என்று கேட்பவர் குறைவு. ஆனால் தூய உள்ளம் கொண்டவர்களுக்கே இறைவனின் காட்சி கிட்டும் என்று மலைமீது போதித்த ஆண்டவர் இயேசு, அதை ஆண் பெண் என்று பிரித்துச் சொல்லவில்லை. அதே போதனையில் இச்சையோடு நோக்கும் கண்ணை அவர் கண்டித்தது ஆண்களிடமே.

தூய உள்ளம் வேண்டிப் பாடப்பட்ட 51ஆம் திருப்பாடல் நமக்கெல்லாம் தெரியும். தாவீது அரசர் எப்போது அப்படி மன்றாடினார்? உரியாவின் மனைவியை ஆளனுப்பி வரவழைத்து, பின்பு உரியாவையும் சாகக் கொடுத்த பிறகு. இறைவாக்கினர் நாத்தான் அவரிடம் ஒரு கதை சொன்னார். ஏழை ஒருவனிடம் இருந்தது ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அவன் பிள்ளைகளோடு வளர்ந்து, அவன் சோற்றில் பங்குகொண்டு, அவனுக்கு மகளைப்போல் இருந்தது. மந்தை மந்தையாக ஆடுகள் வைத்திருந்த செல்வன் தன் விருந்தாளிக்காக அந்தக் குட்டியைப் பிடித்து அடித்தான். கதையைக் கேட்டுச் சீறிய அரசரிடம், அந்தச் செல்வன் அவரே என்று நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னார்.

கவனியுங்கள். நாத்தான் அந்தப் பெண்மேல் குற்றம் சுமத்தவில்லை. அரசரின் அசுத்தத்தை அவர் திருட்டு என்றும் அநியாயம் என்றும் காட்டினார். வலியவன் எளியவளின் உடலைத் தன் உடைமையாக நினைப்பதே அசுத்தத்தின் வேர்.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதையல்ல. 2021ஆம் ஆண்டு, டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு சிறுமி தீக்காயங்களோடு மருத்துவமனையில் இறந்தாள். மலையகமெங்கும் மக்கள் நீதி கேட்டு நின்றார்கள். குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நம் மனச்சாட்சிக்கு வேறொரு கேள்வி உண்டு. முன்பின் தெரியாத வீட்டில், தாயும் தகப்பனும் அருகில் இல்லாமல், மாட்டேன் என்று சொல்லவும் துணிவில்லாமல் ஒரு பிள்ளை படுத்துறங்கும்போது, அவள் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று யார் நினைக்கிறார்கள்?

கடன் கழுத்தை நெரிக்கும்போதுதான் பெற்றோர் பிள்ளையை அனுப்புகிறார்கள். அவர்கள்மேல் கல்லெறிய நாம் யார்? ஆனாலும் பெற்றோரே, 16 வயதுவரை பிள்ளைக்குக் கல்வி கட்டாயம் என்பது நாட்டின் சட்டம். தரகர் கொடுக்கும் முற்பணத்துக்குப் பிள்ளையை ஈடுவைக்காதீர்கள். பட்டணத்து அன்பர்களே, செபமாலை சொல்லும் வீட்டிலிருந்தும் "தோட்டத்துப் பிள்ளை ஒன்று கிடைக்குமா?" என்று கேட்கும் குரல் எழலாம். அது நம் வீட்டுக் குரலாக இருக்கக்கூடாது.

தூய்மை என்றால் தொடாமல் ஒதுங்கி நிற்பது மட்டுமா? 1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளை உற்றாரும் கைவிட்டு ஓடினார்கள். புனித யோசவ் வாஸ் அடிகளார் ஓடவில்லை. தம் உறவினரான கர்வாலோ அடிகளாருடன் சேர்ந்து அந்தப் புண்பட்ட உடல்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் கைகள் தூய கைகள். பிறர் உடலில் இறைவனின் சாயலைக் கண்ட கைகள்.

அந்தத் தூய்மையை நாமும் பழகலாம். ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்கும் லயத்தில், பழைய சேலையைத் திரையாகக் கட்டி வளர்ந்த பிள்ளைகளுக்கு மறைவு கொடுக்கிறாளே ஒரு தாய், அவள் செய்வது புனிதமான காரியம். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் இரட்டை அர்த்தம் பேசாத கங்காணி தூய்மையைக் காக்கிறார். குடித்துவிட்டு வந்து மனைவி பிள்ளைகள் முன் அசிங்கம் பேசாத தகப்பனும் அப்படியே. வாலிபரே, கையிலுள்ள தொலைபேசியில் நீங்கள் பார்க்கும் படத்தில் இருப்பவளும் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியாக இருக்கலாம்.

கெடுக்கப்பட்ட பிள்ளையைக் "கறைபட்டவள்" என்று ஒதுக்காதீர்கள். 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது கற்பழிக்கப்பட்ட பெண்கள் தூய்மையை இழக்கவில்லை என்று புனித அகுஸ்தினார் 'இறைவனின் நகரம்' என்ற நூலில் போதித்தார். பாவம் செய்தவனிடமே கறை. அவனும் தாவீதைப்போல் மறைக்காமல் அறிக்கையிட்டு, செய்த தீமைக்கு ஈடுசெய்ய முன்வந்தால் இறைவன் அவனையும் கழுவுவார்.

இன்று இரவு குடும்ப செபத்தில், மகளுக்காக மட்டுமல்ல, மகனுக்காகவும் தூய உள்ளம் கேளுங்கள். வீட்டை விட்டுத் தூரத்தில் உறங்கும் ஒவ்வொரு பிள்ளையையும் மாசற்ற மரியன்னையின் கையில் ஒப்படையுங்கள். ஆமென்.