வேஷம் போட்டவனுக்குப் பாவம் உண்டா?

அக்கா மகன் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை ஆடத் தொடங்கியிருக்கிறான். "முதல்ல என்ன செய்யணும் மாமா?" என்றான். மரம் வெட்டு, மீன் பிடி, சமைத்துத் தின்று உயிரைத் தேற்றிக்கொள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய வைல்டர்னஸ் பக்கம் போனால், பறிபோனாலும் பரவாயில்லை என்கிற பொருளை மட்டும் எடுத்துப் போ என்றேன். இதெல்லாம் கொஞ்ச நாளில் யாருக்கும் கைவந்துவிடும். அடுத்து அவன் கேட்டதுதான் கனமான கேள்வி. "அங்க ஒருத்தன ஏமாத்தினா பாவமா மாமா? வெறும் கேம்தானே?"

அந்த விளையாட்டில் புதியவர்களைக் கவிழ்க்கும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. "உன் கவசத்துக்குக் காசு வாங்காமல் அலங்காரக் கரை போட்டுத் தருகிறேன், கொடு" என்று ஒருவன் வருவான். வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவான். கரை போடும் வித்தை அங்கே எவனுக்கும் கிடையாது. கரை போட்ட கவசம் புதையல் வேட்டையில்தான் கிடைக்கும். நேற்று வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

அதே புதியவன் விளையாட்டில் வரும் லம்பிரிட்ஜ் ஊரின் பட்டியில் மாடுகளைக் கொன்று, தோலை விற்றுத்தான் காசு சேர்க்கிறான். அது மட்டும் பாவமில்லையா என்று கேட்கலாம். சேத்தியாத்தோப்புக்காரனான எனக்கு வடலூர் தூரமில்லை. 1867-இல் அங்கே தருமசாலை தொடங்கிய வள்ளலார், ஜீவகாருண்யத்தைப் பசித்த வயிற்றிலிருந்து தொடங்கினார். துன்பப்படும் உயிர் ஒன்று எதிரே இருக்க வேண்டும். திரையில் மேயும் மாட்டுக்குப் பசியும் இல்லை, வலியும் இல்லை. கவசத்தைப் பறிகொடுத்த பையனோ எங்கோ ஒரு வீட்டில், பல நாள் பாடுபட்டுச் சேர்த்தது போன வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறான்.

ஏமாற்றியது என் வேஷம்தான், நானில்லை என்று நழுவுவதற்கும் எங்கள் பக்கத்தில் வழியில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரிதல் கூத்து நடக்கும் இரவில், துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிடுவார். கிரீடமும் புஜக்கட்டையும் அப்படியே இருக்கும். அரிதாரம் வியர்வையில் வழியும். கைகூப்பி நிற்பவர் மட்டும் வேறு ஆள். பிறகு வேஷத்துக்குத் திரும்பி, கொடுமையில் ஒரு குறையும் வைக்காமல் ஆடுவார். பாஞ்சாலி வேஷத்தில் நிற்பவரும், விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனமும் கூத்து என்று தெரிந்தே வந்தவர்கள். வைல்டர்னஸில் வாளோடு மோதுவதும் இந்த வகைதான். இருவருமே தெரிந்துதான் எல்லை தாண்டினார்கள். கரை போடுகிறேன் என்று வந்தவனிடம் எதிராளி அப்படி எதற்கும் சம்மதிக்கவில்லை.

எதிரே ஆளே இல்லாவிட்டால் ஏமாற்றலாமா? 1985-இல் ரிச்சர்ட் காரியட் உருவாக்கிய அல்டிமா 4 விளையாட்டில், கடைசியில் வீழ்த்த வேண்டிய அரக்கன் என்று யாரும் இல்லை. எட்டு நற்குணங்களில் தேறுவதே ஆட்டம். அதில் மூலிகை விற்பவருக்குக் கண் தெரியாது. காசை நாமே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் அப்போதைக்கு ஒன்றும் நடக்காது; நேர்மைக் கணக்கு உள்ளுக்குள் இறங்கிவிடும். அந்த வியாபாரி வெறும் புரோகிராம், யாருக்கும் நட்டமில்லை. ஆனாலும் மாட்டுக்குச் சொன்ன பதிலை இங்கே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண் தெரியாதவர் என்பதற்காகவே காசைக் குறைக்கும் புத்தி, எங்கள் ஊர்க் குறுக்குரோட்டில் பூ விற்கும் பாட்டியிடமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும்.

அதனால் அவனிடம் சொன்னேன்: வாளோடு வருகிறவனைத் தயங்காமல் அடி. கவசத்தை நீட்டிக்கொண்டு வருகிற புதுப் பையனைக் கண்டால், அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, புதையல் வேட்டையை எப்படித் தொடங்குவது என்று கூட நின்று காட்டிக் கொடு.