வறட்சி யாருடைய வினை?

மழை பொய்த்தால் அதற்கு அந்த ஊராரின் பாவம்தான் காரணமா என்ற கேள்வி தமிழ்நாட்டுச் சமய வாழ்வில் மிகப் பழையது. மழை தவறினாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்று புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனுக்கு எடுத்துரைக்கிறார். முறை தவறி ஆள்பவன் நாட்டில் மேகம் பெய்யாது என்கிறது திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம். ஊர்ப்புறங்களில் இந்த எண்ணம் கொடும்பாவி இழுக்கும் வழக்கமாக உருக்கொண்டது. வைக்கோலால் ஓர் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துச் சென்று, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்க, கடைசியில் அதைக் கொளுத்துவார்கள். எங்கோ ஒரு பெரும்பாவி உயிரோடிருப்பதால்தான் வானம் அடைத்துக் கிடக்கிறது, அவன் ஒழிந்தால் மழை இறங்கும் என்பது அதன் உட்பொருள்.

இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க, நெடுங்காலமாக வெவ்வேறு அளவில் வறட்சியைச் சந்தித்துவரும் இரண்டு வட்டாரங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல வழி. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் ஏரிப்பாசன ஊர். இராமநாதபுரம் கண்மாய்ப் பாசனச் சீமை. இரண்டுமே வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஆனால் காஞ்சிபுரம் பகுதிக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை, இராமநாதபுரத்துக்குச் சுமார் 800 மட்டுமே. இதைவிடப் பெரிய வேறுபாடு மழை வரும் காலத்தில் உள்ளது. காஞ்சிபுரத்தில் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தென்மேற்குப் பருவத்திலேயே கிடைத்துவிடுகிறது. இராமநாதபுரத்தில் அது ஆறில் ஒரு பங்கு அளவுதான். அங்கே தை பிறந்த பின் புரட்டாசி வரை மண் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். அதனால் உத்திரமேரூர்ப் பக்கம் நல்ல ஆண்டுகளில் சம்பா, நவரை, சொர்ணவாரி என மூன்று பட்டமும் பேசப்படும்போது, இராமநாதபுரத்து உழவர் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு ஒரே பருவத்துக்காக வானத்தைப் பார்த்திருக்கிறார்.

மழை அறத்தின் கூலி என்றால், இராமநாதபுரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாவிகள் என்று சொல்ல வேண்டிவரும். அறிவும் இரக்கமும் உள்ள எந்தச் சமயவாதியும் இதை ஏற்கமாட்டார். முற்பிறவி வினையால்தான் அங்கே பிறந்தார்கள் என்று விடை சொல்லலாம். அந்த விடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கிவிடுவதாலேயே பலவீனமானது: வரத்துக்கால் ஏன் தூர்ந்தது என்ற கேள்வி அதன்பின் எழவே எழாது. இந்தியச் சமயச் சிந்தனையிலேயே இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. துன்பங்களை மூன்றாகப் பிரிக்கும் மரபு, தன்னாலும் பிற உயிர்களாலும் வருபவற்றிலிருந்து இயற்கையின் பேராற்றல்களால் வருபவற்றைத் தனியே வைக்கிறது. மழையின்மை இந்த மூன்றாம் வகை, ஆதிதைவிகம்.

1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது காந்தி தென்னிந்தியாவில் அரிசன யாத்திரையில் இருந்தார். தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை அது என்றார். தீண்டாமையைக் காந்தியளவுக்கே வெறுத்த தாகூர் இதை வெளிப்படையாக மறுத்தார். பௌதிக நிகழ்வுகளுக்குப் பௌதிகக் காரணங்களே உண்டு என்பது அவர் வாதம். வறட்சியைப் பொறுத்தவரை தாகூர் பக்கமே நியாயம் நிற்கிறது. நிலம் குலுங்கினாலும் காய்ந்தாலும் முதலில் அடிபடுபவர் பாவம் செய்தவர் அல்லர், ஏழைகள்.

ஆனால் வானத்திலிருந்து அறத்தை விலக்கிவிட்டால் வறட்சியில் அறத்துக்கே இடமில்லை என்றாகாது. பயிர் குடிப்பது மழையை அல்ல, மண்ணில் தங்கிய ஈரத்தை. உத்திரமேரூரைச் சுற்றிய செம்மண் மேட்டில் மணல் கலந்த மண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கொடுக்கக்கூடிய நீர் 100 மில்லிமீட்டர் அளவுதான். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசல் களிமண் 150 முதல் 200 வரை வைத்திருக்கும். குறைந்த மழைச் சீமைக்கு நீரைக் கூடுதலாகப் பிடிக்கும் மண்! ஆயினும் களிமண் பிடித்ததை எளிதில் விடாது. கையில் அள்ளிப் பிசைந்தால் குளிர்ச்சியாக ஒட்டும் கரிசலில், எடையில் 20 விழுக்காடு ஈரம் இருக்கும்போதே பயிர் வாடலாம். மணற்பாங்கான மண்ணில் அதில் பாதி ஈரத்திலேயே வேர் நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆக, மழைக்கும் பயிருக்கும் நடுவே மண்ணும் கரையும் மதகும் இருக்கின்றன. மனிதப் பொறுப்பு தொடங்குவது அங்கேதான்.

உத்திரமேரூரின் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் ஊர்ப் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரியத்தார் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம், அறுவர் கொண்டது. பதவிக்காலம் ஓராண்டு. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். பெருமாளை வணங்கிய அதே சபை ஏரியைத் தெய்வத்தின் தலையில் சுமத்திவிட்டு ஓய்ந்துவிடவில்லை. ஊர்ப் பேரேரியான வயிரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. அதைக் காக்க ஆள் வேண்டும், கணக்கு வேண்டும் என்று சபை கோயில் சுவரிலேயே எழுதிவைத்தது.

அந்தச் சபையைப் புகழும்போது மறைக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. அது நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள பிராமண ஆடவரின் சபை. சேற்றில் இறங்கி உழைத்தவர்களின் பெயர் குடத்துக்குள் போகவில்லை.

2015 டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. மறு ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் மக்களின் புண்ணியமும் பாவமும் தலைகீழாக மாறியிருக்க வழியில்லை. நிறைந்து வழிந்த நீரில் எவ்வளவு நிறுத்திவைக்கப்பட்டது என்பதே அங்கே கேட்கத்தக்க கேள்வி.

இதனால் மழை வேண்டிச் செய்யும் வழிபாடு வீணாகிவிடாது. வருண ஜெபமும் மழைத்தொழுகையும் மனிதன் தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் செயல்கள். வீடுவீடாகத் தானியம் வாங்கி, பொதுவில் காய்ச்சி, எல்லோருமாகக் குடிக்கும் மழைக்கஞ்சியோ அதற்கும் மேல்: பஞ்ச நாளில் இருப்பதைப் பங்கிடும் பழக்கம் அது. கொடும்பாவி ஒருவன் தலையில் பழியை ஏற்றுகிறது. கஞ்சி யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. அந்தப் பங்கீடு ஏரி நீருக்கும் நீள வேண்டும். நீர் குறைந்த ஆண்டில் மதகடி வயல் முதலில் நனைகிறது, கடைமடை காய்கிறது. நீர் பங்கிடும் ஆளான நீர்க்கட்டி முறை வைத்துப் பாய்ச்சும் ஊரில் இருவருக்கும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். முறை குலைந்த ஊரில் ஒரே ஏரியின் கீழ் ஒருவருக்கு விளைச்சலும் இன்னொருவருக்கு வறட்சியும் நேர்கிறது. அந்த இரண்டாம் வறட்சி ஆதிதைவிகம் ஆகாது.