ஓட்டுநரும் நடத்துநரும்

தமிழ் இலக்கணம் வினைகளைத் தன்வினை, பிறவினை என இரண்டாகப் பகுத்துக் காண்கிறது. தானே செய்வது தன்வினை. பிறிதொன்றைச் செய்விப்பது பிறவினை. ஓடு என்பது தன்வினை. டகரம் இரட்டித்து ஓட்டு என்றானால் பிறவினை. நட என்பது தன்வினை. நடத்து என்பது பிறவினை. பேருந்தில் பணிபுரியும் இருவருக்கும் நாம் இட்ட பெயர்கள் இந்தப் பிறவினைகளிலிருந்தே பிறந்தவை. ஓட்டுநர் வண்டியை ஓடச் செய்கிறார். நடத்துநர் பயணத்தை நடக்கச் செய்கிறார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நடத்துநர் தாம் நடக்காமல் எதையும் நடத்த முடியாது. ஓட்டுநரோ அசையாமல் அமர்ந்திருந்தால்தான் ஓட்ட முடியும்.

இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது என்பதை எண்ணிக்கையால் காட்டியவர் பிரிட்டன் மருத்துவர் ஜெர்ரி மோரிஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் மாரடைப்பு பெருகியது; காரணம் விளங்கவில்லை. லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களில் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்களின் நோய்ப் பதிவுகளை அவரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து, 1953இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அங்கே ஓடியவை மாடிப் பேருந்துகள். ஓட்டுநர் பணிநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருந்தார். நடத்துநர் சீட்டுக் கொடுப்பதற்காக மேலும் கீழுமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே வண்டி, ஒரே புகை. வாழ்க்கைத் தரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மாரடைப்பு நடத்துநர்களிடம் தெளிவாகக் குறைந்திருந்தது. வந்தாலும் திடீர் மரணத்தில் முடிவது அரிதாக இருந்தது. கடிதம் சுமந்து நடந்த தபால்காரர்களையும் அலுவலகத்தில் அமர்ந்திருந்த எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் அதே கோலம்தான் தெரிந்தது.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும்; எழாவிட்டால் நாம் கவனித்துப் படிக்கவில்லை என்றே பொருள். பருத்த உடலுடையோர் உட்கார்ந்து செய்யும் வேலையைத் தேடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? மோரிஸ் இதைச் சோதித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. பணியாளர் சீருடைக்குத் தைத்த காற்சட்டைகளின் இடுப்பளவு ஏடுகளில் இருந்தது. அவற்றை எடுத்துப் பார்த்தார். ஐயம் ஓரளவு சரியே. ஓட்டுநர்களின் இடுப்பு இளவயதிலேயே பெரிதாக இருந்தது. ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் எனப் பிரித்துப் பார்த்தபின்னும், ஒவ்வொரு பிரிவிலும் திடீர் மரணம் நடத்துநர்களிடமே குறைவு. உடற்பருமனுக்கு அப்பால் அசைவுக்கெனத் தனிப் பங்கு உண்டு என்பது 1956இல் அந்தத் தையல் கணக்கிலிருந்து புலப்பட்டது.

அந்தப் பங்கு எத்தகையது? தமிழில் இரு என்ற சொல் உளதாதலையும் குறிக்கும், உட்காருதலையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் விருந்தினரை "இருங்கோ" என்றுதான் அமரச் சொல்வார்கள். அமர்வதற்கான இடம் இருக்கை. சொல்லே இவ்வாறு அமைந்ததால் உட்காருதல் வெறும் இருப்பு, அதில் எதுவும் நிகழ்வதில்லை என்று எண்ணிவிடுகிறோம். உடலுக்குள் நிகழ்கிறது. நாற்காலியில் சாய்ந்ததும் தொடையின் பெருந்தசைகள் ஏறக்குறைய முழுதும் ஓய்ந்துவிடுகின்றன. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்துச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓய்ந்த தசைக்கு அது இயலாது. இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைத் தசை எடுத்துக்கொள்ள உதவும் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்ற நொதியும் அசைவற்ற தசையில் குறைகிறது. உண்டபின் உயரும் சர்க்கரையும் கொழுப்பும் இரத்தத்திலேயே நெடுநேரம் தங்குகின்றன. நீரிழிவுக்கும் நாள அடைப்புக்கும் வழி இப்படித்தான் திறக்கிறது.

கெண்டைக்காலில் நிகழ்வது இன்னும் ஒரு படி ஆழமானது. இதை வாசிக்கும் இருக்கையிலேயே உள்ளங்கையால் கெண்டைச் சதையைப் பற்றிக்கொண்டு குதிகாலை மட்டும் உயர்த்திப் பாருங்கள். சதை கல்போல் இறுகும். அந்த இறுக்கம் காலின் சிரைகளைப் பிழிந்து, குருதியை இதயம் நோக்கி மேலேற்றுகிறது. குதிகால் எழாதபோது குருதி தேங்கும். தேங்கினால் உறையவும் கூடும். 1940இல் லண்டன்மீது குண்டுகள் விழுந்த இரவுகளில், மக்கள் பதுங்கிடங்களில் கித்தான் நாற்காலிகளில் அமர்ந்தபடியே உறங்கினார்கள். அவர்களில் சிலர் நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்து இறந்ததைத் தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் அவ்வாண்டே பதிவுசெய்தார். குண்டுக்குத் தப்பியவர்களை அந்த இருக்கை கொன்றது.

அப்படியானால் உட்காருவதே தீங்கா? தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்பவர்கள். அவர்களும் நாளில் ஏறத்தாழ பத்து மணிநேரம் ஓய்ந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஓய்வில் கணிசமான பங்கு குந்துதலும் மண்டியிடுதலும். குந்தும்போது தசைகள் உடலைத் தாங்கியபடி மெல்ல உழைக்கின்றன. நாற்காலி அந்தத் தாங்குதலையும் தானே ஏற்றுக்கொள்கிறது. இலக்கணத்தின் மொழியில் சொன்னால், அதுவரை உடல் தானே செய்துவந்த கடைசித் தன்வினையும் போய்விடுகிறது.

காலையில் ஒரு மணிநேரம் நடந்துவிட்டுப் பகல் முழுதும் அமர்ந்திருப்பவரின் நிலை என்ன? 2016இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டிய ஆய்வொன்று, நாளுக்கு 60 முதல் 75 நிமிட மிதமான உழைப்பு, எட்டு மணிநேர அமர்வோடு சேர்ந்துவரும் மரண அபாயத்தை ஈடுசெய்யக்கூடும் என்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்கு வகுத்த அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. கூடவே இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நேரம் கிடைக்காதவருக்கும் வழி உண்டு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெல்ல நடந்தாலே உண்டபின் உயரும் சர்க்கரை தணிந்ததை 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நாள் முழுதும் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிய அந்த அசைவு, நடத்துநரின் படிகளை ஒத்தது. தொலைபேசியை நின்றுகொண்டு பேசுவது, தண்ணீர்க் குடத்தை மேசையிலிருந்து தள்ளி வைப்பது, ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிக்கொள்வது ஆகியவை அந்த இனத்தைச் சேர்ந்தவை.

முதியோருக்கு நான் முதலில் சொல்வது எழு என்ற தன்வினையை. அதன் பிறவினை எழுப்பு. தாமே எழ முடிகிறதா, ஒருவர் எழுப்ப வேண்டியிருக்கிறதா என்பதில் அவர்களது அன்றாடச் சுதந்திரத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, மீண்டும் மெல்ல அமர வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் குந்த முயல வேண்டாம். உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து பழகட்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டால் பின்னுக்கு நகராது. முதல் வாரம் ஐந்து முறை போதும்.