ரொறன்ரோவும் டொராண்டோவும்

மாலை ஐந்தரை மணிக்கு ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான் சீடன். முகம் கடுகடுவென்று இருந்தது. திரையில் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றின் வரலாற்றுப் பக்கம். அதில் அவன் பெயரில் ஒரு வரி, அதற்கு மேலே வேறொருவர் பெயரில் இன்னொரு வரி. கட்டுரை முழுக்க ‘ரொறன்ரோ’ என்று இருந்ததை அவன் ‘டொராண்டோ’ என்று மாற்றியிருந்தான். மேல்வரிக்காரர் அத்தனையையும் பழையபடி மீளமைத்துவிட்டார்.

“தப்பைச் சரிசெய்தால் இதுதான் கூலியா ஐயா?” என்றவன், உரையாடல் பக்கத்தில் தட்டச்சு செய்து இன்னும் சேமிக்காத பதிலைக் காட்டினான். ‘முதலில் தமிழ் படித்துவிட்டு வா’ என்று தொடங்கியது அது.

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “தம்பி, இவருக்கு என்ன வயது?”

“தெரியாது ஐயா. வெறும் பயனர் பெயர்தான்.”

“பிறகு எப்படி ‘வா’ என்று எழுதினாய்?”

சீடனிடம் பதில் இல்லை. தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் இணையத்தில் வரும் சங்கடம் இது. ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’வை வைத்து யாரிடமும் பேசிவிடலாம். தமிழிலோ முதல் வினைமுற்று வருவதற்குள் நீயா, நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். தெருவில் நரைத்த தலையும் தளர்ந்த நடையும் அந்த முடிவை நமக்காகச் செய்துவிடும். திரையில் அந்த உதவி கிடையாது. எதிரே இருப்பவர் ஓய்வுபெற்ற பேராசிரியராக இருக்கலாம், பத்தாம் வகுப்பு மாணவியாகவும் இருக்கலாம்.

“ஆளைப் பார்த்துத் தருகிற மரியாதை நமக்கு நன்றாகவே பழக்கம்” என்றார் ஆசிரியர். “ஆள் தெரியாமலே தருகிற மரியாதைதான் பழக்கமில்லை.”

“மரியாதையாகப் பேசினால் மட்டும் ரொறன்ரோ சரியாகிவிடுமா?”

“வல்லினம் சொல்லு.”

“க, ச, ட, த, ப, ற.”

“பறவை என்று நீ சொல்லும்போது அந்த ற வன்மையாகவா ஒலிக்கிறது? பிறகு ஏன் அதை வல்லினத்தில் வைத்தார்கள்?”

சீடன் யோசித்தான். ஆசிரியர் நாக்கு நுனியை மேற்பல்லுக்குச் சற்று மேலே ஒட்டவைத்து, விட்டுக் காட்டினார். வெடித்து வரும் ஒலி. ‘வெற்றி’, ‘காற்று’ போன்ற சொற்களில் யாழ்ப்பாணப் பேச்சு அந்த ஒலியை இன்றும் காத்து வருகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் அது ‘காத்து’ ஆகிவிட்டது. டொராண்டோ நகரின் பெயரில் ஆங்கிலம் பேசுவோர் ‘T’ என்று ஒலிப்பதும் ஏறக்குறைய அதே இடத்தில் பிறக்கும் ஒலிதான். ஈழத்து எழுத்துமுறை அதைத்தான் ‘ரொ’, ‘ன்ரோ’ என்று எழுதுகிறது. நம்முடைய ட நாக்கை மடித்து எழுப்புவது. “அவர் காதுக்கு உன் டொராண்டோதான் பிசகு. உனக்கு ஒரு காரணம் இருப்பதுபோல அவருக்கும் ஒன்று இருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லை.”

தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது 2003-இல். அதை வளர்த்தெடுத்த முன்னோடி இ. மயூரநாதன் ஈழத்தமிழர். அந்த முற்றத்தில் நின்றுகொண்டு ஈழத்து எழுத்துமுறையைப் பார்த்துத் தமிழ் படித்துவிட்டு வா என்பது எவ்வளவு பெரிய பிழை! விக்கிப்பீடியர்கள் பொதுவில் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். எதிரே இருப்பவர் கெடுக்க வரவில்லை என்று நம்பித் தொடங்குவதை ‘நல்லெண்ண நம்பிக்கை’ என்பார்கள்.

சீடன் விடவில்லை. “லினக்ஸ் இயங்குதளத்தைப் பாருங்கள் ஐயா. அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டித் திட்டித்தான் தரத்தைக் காப்பாற்றினார்.”

“அவரே என்ன செய்தார் என்பதையும் பார். 2018 செப்டம்பர் 16 அன்று, தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டு மடல் எழுதிவிட்டுச் சில வாரங்கள் ஒதுங்கினார். லினக்ஸின் 4.19 பதிப்பை அவருக்குப் பதிலாக கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார். நடத்தை விதிகளும் அப்போதுதான் மாறின. அதற்குப் பிறகும் அவருக்குக் கோபம் வந்ததுண்டு. ஆனால் மோசமான நிரலை இன்றும் திருப்பி அனுப்பத்தான் செய்கிறார்கள். தரத்தைக் காத்தது ஏச்சு என்றால், விதி மாறிய பிறகு தரம் சரிந்திருக்க வேண்டுமே?”

“சரி, தேன் தடவிப் பேசுகிறவர்கள்? ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று தொடங்கி, அதே பொய்யை ஆறு மாதம் சளைக்காமல் திணிப்பார்கள். கோபப்படுகிறவன்தான் தடைபடுவான்.”

இதற்கு ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. கேள்வி நியாயமானது. சொல்லை மட்டும் பார்க்கும் விதிகள் இப்படிப்பட்டவரிடம் தோற்றுத்தான் போகின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவிலும் இது பழைய தலைவலி. “கேட்ட கேள்விக்கு அவர் விடை தருகிறாரா என்று பார்” என்றார் கடைசியில். “விடையே தராமல் கும்பிடு மட்டும் போடுகிறவர் மரியாதை தரவில்லை. உன் நேரத்தைத் திருடுகிறார். அதை நாலு பேர் அறிய, சான்றோடு, பொறுமையாகச் சொல்லவேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான்.”

பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பினார். மீளமைத்தவர் காரணம் எழுதவேண்டிய தொகுப்புச் சுருக்கம் வெறுமையாக இருந்தது. “இது அவருடைய குறை. வையவில்லை, ஆனால் பேசவும் இல்லை.”

அந்தப் பேசாமையின் விலை சிறியதல்ல. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-க்குப் பிறகு தொகுப்பாளர் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது ஏன் என்று ஏரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் ஆராய்ந்து எழுதினார்கள். நல்ல நோக்கத்தோடு வந்த புதியவர்களின் முதல் தொகுப்புகள் நிராகரிக்கப்பட்டதும், அதைத் தானியங்கிக் கருவிகள் செய்ததும் அவர்களைத் திரும்பி வராமல் செய்துவிட்டன. யாரும் கெட்ட வார்த்தை சொல்லவேண்டியிருக்கவில்லை.

சீடன் தான் எழுதியிருந்ததை அழித்தான். வெள்ளைக் கட்டத்தில் சுட்டி துடித்துக்கொண்டிருந்தது. ‘வணக்கம். ரொறன்ரோ என்று எழுதுவதன் காரணத்தை இன்றுதான் அறிந்தேன். தமிழ்நாட்டு வாசகருக்காக, பெயர் முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் டொராண்டோ என்று சேர்க்கலாமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ இறுதியில் கையெழுத்துக்காக நான்கு அலைக்குறிகள். சேமித்தான்.

“அங்கே இப்போது காலையாக இருக்கும்” என்றார் ஆசிரியர்.

“அவர் ரொறன்ரோவில்தான் இருக்கிறாரா என்று நமக்குத் தெரியாதே ஐயா.”

“ஆமாம், தெரியாது” என்று எழுந்து, திண்ணை விளக்கைப் போட்டார்.